புறங்கால் நாடி

பாதத்தின் மேல்புறத்தில், பெருவிரலின் எலும்புக்கும் அதற்கு அடுத்த விரலின் எலும்புக்கும் நடுவே ஒரு நாடி ஓடுகிறது. மணிக்கட்டில் நாடி பார்ப்பது ஊருக்கே தெரியும். காலில் நாடி ஓடுகிறது என்று சொன்னால், இவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இரண்டு விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் மெள்ளத் தட்டும். அவசரப்பட்டு அழுத்தினால் தட்டாது. எனக்கு இது இருபத்தாறாவது வயதில்தான் தெரிந்தது. தெரிந்தபோது எங்கள் மாமாவின் இடது காலில் அந்த நாடி நின்று போயிருந்தது. நிறுத்தியவன் நான்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். நானும் அவரும் ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே ரயில் பாதையில் ஒரே கேங்கில் வேலை செய்தோம். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பட்டாபிராமில் பட்டாளத்துச் சாமான்களை இறக்குவதற்காகப் சைடிங் என்று ஒரு புதிய கிளைப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். முள்ளை வெட்டி, ஜல்லி கொட்டி, கட்டை பரப்பி, தண்டவாளத்தை இழுத்து வைத்து ஆணி அடிப்பது எங்கள் பன்னிரண்டு பேரின் வேலை. எங்களுக்கு மேல் ஒரு மேஸ்திரி. மாமா ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் கால் வைத்துக் கீழே இறங்காமல் ஒரு மைல் நடப்பார். தோளில் கடப்பாரை வேறு இருக்கும். எத்தனையோ பேர் பந்தயம் கட்டித் தோற்றுப்போனார்கள். அந்த நடையை நம்பித்தான் எங்கள் வீட்டில் அக்காவைக் கொடுத்தார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அன்று காலை சென்ட்ரலுக்குப் போகும் பாசஞ்சர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மாமா அடுக்கி வைத்திருந்த பழைய கட்டைகளில் ஒன்றைக் காலால் எத்தித் தள்ளினார். தள்ளியதும் ஒரு துள்ளு துள்ளினார்.

"மச்சான், இன்னாவோ கட்ச்சிட்ச்சிடா!"

இடது கணுக்காலுக்கு மேலே இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது. நான் கீழே பார்த்தேன். குட்டையாக, தடியாக, பழுப்பில் திட்டுத் திட்டாக ஒன்று கட்டைக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. "விரியன்! விரியன்டா!" என்று நான்தான் கத்தினேன். கையில் இருந்த கடப்பாரையால் ஒரு போடு போட்டேன். அது சுருண்டு ஜல்லிக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு அதை யார் பார்த்தார்கள்? எல்லோரும் மாமாவைப் பார்க்க ஓடினோம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது எல்லோரும் செய்வதுதான். துண்டையோ கயிற்றையோ முழங்காலுக்கு மேலே சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார்கள். அது கொஞ்ச நேரத்தில் தானாகவே தளர்ந்துவிடும். நான் அப்படிப் போடவில்லை. எனக்குத்தான் புத்தி அதிகமாயிற்றே! கேங்கின் சிவப்புக் கொடியைக் கழியிலிருந்து கிழித்து, முறுக்கி, தொடையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தேன். முடிச்சுக்குள் ஒரு தண்டவாள ஆணியைச் செருகி, திருகு திருகு என்று திருகினேன். மாமா அலறினார். மேஸ்திரி, "போதும்டா, போதும்" என்றார். நான் அதற்கு மேல் இன்னும் ஒரு திருகு திருகி, ஆணி திரும்பாதபடி அதன் தலையையும் சேர்த்துக் கட்டினேன்.

"கட்டுன்னா இதாண்டா கட்டு" என்று ஒருவன் என் முதுகில் தட்டினான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாமாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, பட்டாபிராம் ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று இப்போது கேட்கிறார்கள். அந்த நாளில் ரயில்வேயில் இருந்தவனுக்குப் பாம்பு கடித்தால் வைத்தியம் தந்திதான். அரக்கோணத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். கடிபட்டவன் பெயரையும் அவன் தாய் பெயரையும் கடித்த பாம்பையும் எழுதி அவருக்குத் தந்தி கொடுக்க வேண்டும். தந்தி கிடைத்ததும் அவர் தம் துண்டின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டு மந்திரம் சொல்வார். விஷம் இறங்கியது என்று அவருக்குத் தெரிந்ததும் முடிச்சை அவிழ்த்துவிட்டு, 'அவிழ்க்கலாம்' என்று பதில் தந்தி கொடுப்பார். அது வருகிற வரைக்கும் இங்கே காலில் போட்ட கட்டை யாரும் தொடக்கூடாது. வந்த பிறகும் கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்த்தால் விஷம் ஒரே ஓட்டமாகத் தலைக்குப் போய்விடும். இதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே கிடையாது. பிழைத்தவர்களை எங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தோம். பிழைத்தவர்களை எது கடித்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். உடனே தந்தியைத் தட்டச் சொன்னார். ஆனால் பட்டாளத்துத் தந்திகள் முதலில் போக வேண்டும், அவற்றுக்கு நடுவே எங்களுடையது போக வேண்டும். "லைன் கிடைச்சதும் போயிடும், கவலைப்படாதே" என்றார். மாமாவை வேப்பமரத்தடி பெஞ்சில் படுக்கவைத்தோம். நான் தலைமாட்டில் குந்திக்கொண்டேன். அப்போது மணி ஒன்பதுகூட ஆகியிருக்காது.

முதல் ஒரு மணி நேரம் மாமா வலியில் துடித்தார். பிறகு பாதமெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றார். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"மச்சான், காலு மரத்துப் பூட்ச்சிடா. கல்லு மாரி கீது. என் காலுதானான்னே தெர்ல."

நான் தொட்டுப் பார்த்தேன். வெயில் கொளுத்துகிற நேரத்தில் பாதம் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. நிறம் வெளுத்துப்போய், விரல் நகமெல்லாம் மெழுகாக இருந்தது. விஷம் கட்டுப்பட்டு நிற்கிறது என்று மேஸ்திரி சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

"கொஞ்சம் அவுத்துடுடா. ஒரே ஒரு திருகு."

"தந்தி வரட்டும் மாமா."

பதினொன்றரை, பன்னிரண்டு மணி இருக்கும். கேங் சாமான்களைப் பாதையோரம் அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தோம். ஒரு கடப்பாரை தண்டவாளத்தின் மேல் விழுந்து கிடந்தாலும் வேலை போய்விடும். மேஸ்திரி என்னை அனுப்பினார். நான் தள்ளுவண்டியோடு தனியாகப் போனேன். எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவண்டியில் போடும்போது, ஜல்லிக்கு நடுவே அது கிடப்பதைப் பார்த்தேன். எறும்பு மொய்த்திருந்தது. கடப்பாரை முனையால் புரட்டிப் போட்டேன். வால் கூராக முடியவில்லை. மொண்டையாக, வெட்டிவிட்ட மாதிரி இருந்தது.

மண்ணுளி. மாடு மேய்க்கிறவனுக்குக்கூட அதைத் தெரியும். அதற்கு விஷமே கிடையாது. கடித்தால் நாலு பொட்டு ரத்தம் வரும், துடைத்துக்கொண்டு போகலாம். உடம்புத் திட்டைப் பார்த்து விரியன் என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. வாலைப் பார்த்தவன் ஏமாற மாட்டான். நான் காலையில் வாலைப் பார்க்கவில்லை.

அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அப்போது மனத்தில் என்ன ஓடியது என்று நீங்கள் கேட்டால், ஒன்றும் ஓடவில்லை. வெயில் அடித்தது. தூரத்தில் எஞ்சின் ஊதியது. நான் காலால் ஜல்லியைத் தள்ளி அதை மூடினேன். மூடினதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மாமா என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். என்னை விடப் பத்து வயது மூத்தவர்.

"அவுத்துடுடா மச்சான். விஷம் ஏறிச் செத்தாலும் பரவால்ல. இந்தக் காலு எனக்கு வாணாம்னு தோணுது."

"தந்தி வந்துடும் மாமா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

சொன்னேன். வாய் கூசவில்லை. அந்தப் பகலில் நான் ஏன் அவிழ்க்கவில்லை என்று எத்தனையோ வருஷமாக யோசித்தாயிற்று. விரியன் என்று கத்தினவன் நான். அதை நம்பித் தந்தி போயாயிற்று. ஸ்டேஷன் முழுக்க ஆட்கள் சுற்றி நின்று வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நடுவே போய், ஐயா, அது மண்ணுளி, நான் பார்த்தது தப்பு என்று சொல்ல வெட்கம். அது ஒரு பங்கு. ஒருவேளை இரண்டு பாம்பு இருந்திருந்தால்? கடித்தது வேறு, நான் அடித்தது வேறு என்றால்? அவிழ்த்ததும் மாமா செத்துப்போனால்? அந்தப் பயம் ஒரு பங்கு. எது பெரிய பங்கு என்று கேட்டால், வெட்கம்தான் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பதில் தந்தி நாலரை மணிக்கு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் கோவிந்தா போட்டார்கள். நான் ஆணியைத் திருப்பித் துணியை அவிழ்த்தேன். தொடையில் ஒரு பள்ளம் விழுந்து ஊதா நிறமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கால் வீங்கத் தொடங்கியது. மாமா போட்ட கூச்சலில் கோவிந்தா நின்றுபோயிற்று. ஆனால் பாதம் மட்டும் சூடாகவே இல்லை. இனி மந்திரம் உதவாது என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தோன்றியிருக்க வேண்டும். சாயங்கால வண்டியில், கார்டு இருக்கிற பிரேக் வேனில் ஏற்றி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிவாயைப் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இல்லை. அடிவயிறும் தொடையும் சேருகிற மடிப்பில் விரலை வைத்தார். அடுத்து முழங்காலுக்குப் பின்னால் குழியில் வைத்தார். பிறகு உள்கணுக்காலுக்குப் பின்னால். கடைசியில் பாதத்தின் மேலே. அங்கே நெடுநேரம் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் வைத்தார்.

"யார் கட்டினது?"

"நான்தாங்க."

"எப்போ கட்டினே? எப்போ அவிழ்த்தே?"

சொன்னேன். அவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அங்கே இருந்த டிரஸ்ஸர்தான் எனக்கு விளக்கினார். கட்டுப் பிரித்துக் கட்டுகிற வேலை அவருக்கு. காயத்துக்குப் போடுகிற ஊதா மருந்தைத் தொட்டு, என் காலிலேயே கோடு இழுத்துக் காட்டினார். அடிவயிற்று மடிப்பிலிருந்து பெரிய ரத்தக்குழாய் ஒன்று தொடையின் உள்பக்கமாக ஆழத்தில் இறங்குகிறது. முழங்காலுக்குப் பின்னால் போகிறது. அதற்குக் கீழே பிரிகிறது. ஒரு கிளை முன்னால் வந்து புறங்காலில் ஓடுகிறது, இன்னொன்று கணுக்காலைச் சுற்றிக்கொண்டு உள்ளங்காலுக்குப் போகிறது. இது ரத்தத்தைக் கீழே கொண்டு வருகிற வழி. திரும்பி மேலே போகிற ரத்தத்துக்கு வேறே குழாய்கள். அதில் பாதி தோலுக்கு அடியிலேயே பச்சையாகத் தெரியும்.

"நீ ரயில்காரன்தானே? கீழே வர்றது டவுன் லைன், மேலே போறது அப் லைன்னு வெச்சுக்கோ. ஊரிலே கயிறு கட்டுறானே, அதுலே மேலாக இருக்கிற அப் லைன் மட்டும்தான் அடைபடும். ஆழத்திலே டவுன் லைன் ஓடிக்கிட்டுதான் இருக்கும். கால் வீங்கும், வலிக்கும், ஆனா சாகாது. நீ ஆணி வெச்சுத் திருகினியா, ரெண்டும் நின்னுபோச்சு."

"நாங்க விரியன்னு நெனச்சோம் சார்."

"எதுவானா என்ன? மத்தியானத்துக்குள்ளே அவிழ்த்திருந்தா கால் பொழச்சிருக்கும்."

அவர் போகிற போக்கில் சொன்னது இது. அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். நான் என் காலில் இருந்த ஊதாக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கோடு அழிய நாலு நாள் ஆயிற்று. அதற்குள் மாமாவின் காலைத் தொடைக்கு நடுவில் எடுத்துவிட்டார்கள். அக்கா தரையில் விழுந்து புரண்டு அழுதாள். எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சன் என்று பக்கத்துக் கட்டில்காரன் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டிரஸ்ஸர் என்னைக் கூப்பிட்டு, மீந்த காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். உடம்பின் பாரமெல்லாம் இனி அதில்தான். பீடியை விடச் சொல், புறங்காலில் நாடி தட்டுகிறதா என்று அடிக்கடி பார் என்று என் விரலைப் பிடித்து மாமாவின் வலது பாதத்தில் வைத்தார். தட்டியது.

கால் போனவனுக்கு ரயில்வேயில் ஒரு வேலை உண்டு, கேட் வேலை. ஆவடி தாண்டி, பூந்தமல்லிக்குப் போகிற ரோடு பாதையைக் கடக்கிற இடத்தில் மாமாவைக் கேட்மேனாகப் போட்டார்கள். பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு. வண்டி வரும்போது கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டை மூடுவார், கொடி காட்டுவார். அதே சமயம் என்னைக் கீமேனாகப் போட்டார்கள். தினம் காலையில் ஒரு கையில் சுத்தியும் தோளில் கொடியுமாகப் பாதையில் நடந்து, கழன்ற ஆப்புகளை அடித்து இறுக்கிக்கொண்டே போக வேண்டும். மாமாவின் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தினம் அங்கே நிற்பேன். அக்கா கஞ்சி கொடுப்பாள். மாமா வாசல் கல்லில் உட்கார்ந்து வலது காலை நீட்டுவார். நான் எதிரே குந்தி இரண்டு விரலை வைப்பேன்.

"இன்னா மச்சான், ஓடுதா வண்டி?"

"ஓடுது மாமா. ரைட் டைம்."

இரண்டு வருஷம் தினம் தவறாமல் இதைச் சொன்னோம்.

எனக்குப் பொறுக்க முடியாதது வேறொன்று. அந்தத் தண்டவாள ஆணியை மாமா பத்திரப்படுத்தியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினாராம். சிவப்புக் கொடித் துணியோடு சேர்த்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் அக்காவைக் குங்குமம் வைக்கச் சொன்னார். கேட்டில் நிற்கிற வண்டிக்காரன், லாரிக்காரன், போகிற பரதேசி எல்லோரிடமும் அந்தக் கதைதான்.

"கண்ணாடி விரியன் நைனா. கட்ச்சா ஒரு நாயி தாங்காது. இதோ கீறானே என் மச்சான், இவன் மட்டும் கட்டலன்னா அன்னிக்கே நான் பூட்டேன். காலக் குட்த்து உசுர வாங்கிகினேன். இன்னா சொல்ற? லாபந்தானே?"

நான் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருப்பேன். ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை. அவருக்கு இருப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான், அதையும் நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பேடி என்பதற்கு அழகான வார்த்தை அது.

சண்டை முடிந்த பிறகு ஒரு நாள். காலை பத்து மணி வாக்கில் நான் கேட்டுக்கு நூறு கஜம் இப்பால் வரும்போதே அக்காவின் குரல் கேட்டது. ஓடினேன். ஆட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்கரைக்குப் போனவள், கரை மேட்டில் உட்கார்ந்திருந்தாள். வலது பாதத்தில் இரண்டு பொட்டு ரத்தம். சரசரவென்று ஏதோ போயிற்று, என்னவென்று பார்க்கவில்லை என்றாள். நான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன்.

மாமா அப்போதுதான் கேட்டை மூடியிருந்தார். அந்தப் பக்கம் பூந்தமல்லிக்குப் போகிற லாரி ஒன்று வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டதும் மாமா கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார். குங்குமம் வைத்த ஆணியையும் அந்தச் சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு வந்தார். என் கையில் திணித்தார்.

"கட்டு மச்சான். எனக்குக் கட்டின மாரியே கட்டு."

ஆணி கனமாக இருந்தது, அவ்வளவுதான். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு புடவையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிக்கொண்டாள். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். நான் ஆணியைத் தரையில் வைத்துவிட்டு, அவள் புறங்காலில் விரலை வைத்தேன். நாடி வேகமாக ஓடியது. கால் சூடாக இருந்தது.

"இன்னாடா தட்வினு கீற? கட்டுடா! உன் அக்காடா அவ!"

"கட்ட மாட்டேன் மாமா."

"பைத்தியமாடா உனக்கு? விஷம் ஏறிடும்டா! நான் உசுரோட நிக்கிறேனே, கண்ணு தெர்லியா?"

"உன்னக் கட்ச்சது மண்ணுளி மாமா."

அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "விரியன் இல்ல. மண்ணுளி. செத்துக் கெடந்தத நான் பாத்தேன். விஷத்துல உன் காலு போவல. என் கட்டுலதான் பூட்ச்சி."

வண்டி இரைந்துகொண்டு கடந்து போயிற்று. வண்டி போனதும் மாமா கேட்டைத் திறந்தார். வேலை பழகின கை, அதுவாகத் திறந்தது. நான் லாரிக்காரனைக் கெஞ்சி, அக்காவை முன்னால் ஏற்றினேன். மாமா கேட்டை விட்டு வர முடியாது. அடுத்த வண்டிக்கு அவர் அங்கே இருக்க வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஆணி தரையில் கிடக்க, அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

பூந்தமல்லி போய்ச் சேருகிற வரைக்கும் அக்காவின் பாதத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் லாரி தூக்கிப் போடும், நாடி நழுவும், மறுபடி தேடிப் பிடிப்பேன். விஷமாக இருந்தால் இவளைக் கொன்றவன் ஆவேன் என்று தெரியும். தெரிந்தும் பயம் வரவில்லை. பயப்படுகிற இடம் எனக்குள் எப்போதோ மரத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி மருந்து போட்டு, சாயங்காலம் வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். வீக்கம் இல்லை, மயக்கம் இல்லை. எது கடித்தது என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டுவண்டியில் வந்து கேட்டில் இறங்கினோம். அக்கா இரண்டு காலாலும் நடந்து வந்தாள். மாமா வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவளைத் தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி இல்லை என்பதை நான் வாசலிலிருந்தே பார்த்தேன். அது கேட்டுக்குப் பக்கத்தில் ரயில்வே சாமான் குவியலில், மற்ற ஆணிகளோடு கிடந்தது. குங்குமத்தால்தான் அடையாளம் தெரிந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். மறுநாள் பார்த்தேன், எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். இத்தனை வருஷம் பேசாமல் இருந்தவனுக்கு அது ஒரு பெரிய காரியமா?

"அன்னிக்கி மத்தியானமே, மாமா. சாமான் எட்க்கப் போனப்ப."

"நான் கும்புட்டேனே, அதுக்கு முன்னாலயா, அப்பாலயா?"

"முன்னால."

அவர் தலையை ஆட்டினார். கோபமாக ஏதாவது வரும் என்று நின்றேன். கையில் இருந்த கட்டையால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "அப்ப அவுத்துருக்கலாம்" என்றார், தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"அவுத்துருக்கலாம் மாமா."

"உம்."

சென்ட்ரல் போகிற வண்டிக்கு நேரம் இருந்தது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தினம் செய்கிறதையே செய்தேன். எதிரே குந்தி, அவர் வலது பாதத்தை நோக்கிக் கையை நீட்டினேன். மாமா காலை மெதுவாக இழுத்து வேட்டிக்குள் மடக்கிக்கொண்டார்.

நீட்டின கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டேன்.